குழாய் திறப்பாளர் பணியிடம் ஒன்று

நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக நான் சேர்ந்த முதல் வாரத்தில் அடித்துக் கொடுத்த கடிதங்களில் பாதி ஒரே வரியில் முடிந்தன. ‘தற்சமயம் காலிப்பணியிடம் ஏதும் இல்லை என்று தெரிவிக்கப்படுகிறது.’ வேலை கேட்டு வந்த எல்லா மனுவுக்கும் அதுதான் பதில். பெயரும் முகவரியும் மட்டும் மாறும். இரண்டு வருஷம் கழித்து என்னை இளநிலை உதவியாளராக்கி, பணியாளர் நியமனம் பார்க்கும் பிரிவைக் கொடுத்தார்கள். ஆள் எடுக்கிற பிரிவு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அந்த நாற்காலியில் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஆள் எடுத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் ஏன் எடுக்கவில்லை என்று மனுதாரருக்கும், ஏன் எடுக்க வேண்டும் என்று மதுரையில் இருந்த மண்டல அலுவலகத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தேன்.

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழிப் பக்கம் போகிற கரிசல் காட்டில் இருந்த ஊர் அது. பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

மாசி பங்குனியில் சாலையின் பாதியை அடைத்து மிளகாய் வற்றல் காயும். அலுவலகத்துக்குள் உட்கார்ந்தே தும்முவோம். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை ஏற்றி, அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பெரிய தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரித்து விடுவார்கள். ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் ஓடினால் அதிகம். நல்ல காலத்தில் ஒரு தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும். கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறை.

அதைப் பிரித்து விட்டவர் ஒரே ஆள். நகராட்சியின் பார்வையில் அவர் தினக்கூலி. தெருமுனைகளில் சிமெண்ட் மூடி போட்ட குழிகளுக்குள் வால்வுகள் இருக்கும். நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார். அதைக் குழிக்குள் விட்டுத் திருகித் திறப்பார். எந்த வால்வு எத்தனை சுற்று, எதை முழுதாகத் திறந்தால் எந்தத் தெருவின் கடைசி வீட்டுக்கு ஏறாது என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். என்ஜினியரிடம் இருந்த வரைபடத்தில் பாதிக் குழாய்கள் கிடையாது. ஒல்லியான மனிதர். அப்போது முப்பத்து மூன்று வயது இருக்கும். பேச்சு குறைவு. பெண்கள் குடத்தோடு வழிமறித்து, இன்னும் கொஞ்சம் விடுங்கண்ணே என்று கேட்டால் பதில் சொல்லாமல் நடந்துவிடுவார். ஆனால் தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் வரும்.

தினக்கூலியைத் தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவார்கள் என்று அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. எண்பத்தொன்பது நாள் முடிந்ததும் ஒரு நாள் வேலையில்லை என்று காட்டிவிட்டு, மறுநாள் புதிதாக எடுத்ததுபோல உத்தரவு போட வேண்டும். உத்தரவை அடிப்பது என் வேலை. அந்த இல்லாத நாளிலும் அவர் வால்வு திறந்தார். ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே. நான் தாளில் அவரை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே போய்க்கொண்டிருப்பார். முதல் இரண்டு மூன்று தடவை சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம் அவர் முழங்கால் வரை சேற்றோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். மெயின் குழாய் உடைந்து இரண்டு நாளாகக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாலிதீன் பையில் சுற்றிய ஓர் அட்டையை நீட்டினார். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு அட்டை. அரசு சார்ந்த எந்த வேலை என்றாலும் அப்போது அங்கிருந்துதான் பெயர் வந்தாக வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். அவர் பதினெட்டு வயதில் பதிந்தவர். பதினைந்து வருஷ மூப்பு அந்த அட்டையில் இருந்தது.

“இந்த மாசம் முடியுறதுக்குள்ள விருதுநகரு போயிப் புதுப்பிக்கணும்மா. இத விட்டுட்டு இப்பப் போக முடியாது. தபால்ல அனுப்பினாலும் எடுத்துக்கிருவாகன்னு சொன்னாக. ஒரு லெட்டரு வச்சு அனுப்பி விட்ருங்க” என்றார்.

சரியென்று வாங்கிக்கொண்டேன். பணிப்பதிவேடு ஒன்று மேசையில் இருந்தது, அதன் அட்டைக்குள் செருகினேன். சாயங்காலம் எழுதலாம் என்று நினைத்தேன். அன்று மூன்று மணிக்குத் தணிக்கைக்காரர்கள் வருவதாகத் தகவல் வந்தது. மூன்று வருஷப் பதிவேடுகளை எடுத்து அடுக்கச் சொன்னார்கள். தணிக்கை இரண்டு வாரம் நடந்தது. வீட்டில் மூத்தவளுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டுக்காரர் திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்குக் காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடி வந்தேன். இதெல்லாம் காரணம் என்றால் காரணம்தான். அந்த அட்டையை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

ஐந்து மாதம் கழித்து ஒருவருடைய விடுப்பைப் பதிய அந்தப் பதிவேட்டை எடுத்தபோது அது மடியில் விழுந்தது. பாலிதீன் பையில் உலர்ந்த சேறு ஒட்டியிருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அன்றே ஒரு கடிதம் எழுதினேன். குடிநீர்ப் பணியில் இருந்ததால் தாமதமாகிவிட்டது, கருணையுடன் பரிசீலிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதி, அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் வேறு அட்டை வந்தது. காலம் கடந்துவிட்டதால் புதிய பதிவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய தேதி இருந்த இடத்தில் அந்த வாரத்துத் தேதி. பதினைந்து வருஷம் போய்விட்டது.

அப்போதே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவ்வப்போது அரசாங்கம் இப்படித் தவறவிட்டவர்களுக்கு ஒரு சலுகை கொடுக்கும், பழைய மூப்பைத் திருப்பித் தரும். அந்த உத்தரவு வந்துவிடும், வந்ததும் சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். தினமும் பேப்பரில் அதைத் தேடினேன். இடையில் அவர் இரண்டு தடவை கேட்டார், அனுப்பிவிட்டீர்களா என்று. அனுப்பியாச்சு என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் சொல்வது எளிதாக இருந்தது.

இதற்கிடையில் தேர்தல் வந்து நகர்மன்றம் அமைந்தது. புதிய தலைவர் பருத்தியும் மிளகாயும் கமிஷனுக்கு வாங்கி விற்கும் மண்டிக்காரர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். எதையும் உடனே செய்து பார்த்துவிட வேண்டும் என்கிற ஆள். தண்ணீர் திறக்க ஒரு நிரந்தர ஆள் இல்லாத ஊர் உண்டா என்று முதல் கூட்டத்திலேயே கேட்டார். தீர்மானம் போட்டார்கள். மதுரைக்கு அனுப்பினோம். குடிநீர் இணைப்பு எத்தனை என்று கேட்டு வந்தது. எழுதினோம். ஏற்கெனவே உள்ள பணியாளர்களை வைத்துப் பார்க்க முடியாதா என்று கேட்டு வந்தது. முடியாது என்று எழுதினோம். முதல் தீர்மானத்தின் நகல் தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் ஒரு நாள் தபாலில் அந்த உத்தரவு இருந்தது. குழாய் திறப்பாளர் பணியிடம், ஒன்று.

தலைவர் தண்ணீர் திறக்கிறவரைக் கூப்பிட்டனுப்பி எல்லோர் முன்னிலையிலும் தோளில் தட்டினார். இனி உனக்குக் கவலையில்லை என்றார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பட்டியல் கேட்டு எழுதினோம். மூன்று வாரத்தில் வந்தது. ஐந்து பெயர்கள். அவர் பெயர் இல்லை. மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்த மனிதர், யாரிடமும் சத்தம் போடாதவர். ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியும் சார் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவனிடம் நீயே சொல்லிவிடு, நான் சொல்வது சரியாக இருக்காது என்றார்.

அவர் பம்பு ரூமுக்கு வெளியே சாவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று சொன்னேன். தணிக்கை, அம்மை எல்லாவற்றையும் முதலில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, நான்தான் மறந்துவிட்டேன் என்றேன். புது அட்டையை நீட்டினேன். வாங்கித் தேதியைப் பார்த்தார்.

“இது வந்து ரெண்டரை வருசம் ஆகுதும்மா.”

“ஆமாண்ணே.”

“மறந்தது சரி. மனுசருக்கு மறக்கும். அன்னைக்கே சொல்லியிருந்தா நான் விருதுநகருக்கு நடையா நடந்திருப்பேன். மதுரைக்குப் போயிருப்பேன். எதாச்சும் ஒரு வழி பாத்திருப்பேன். அந்த ரெண்டரை வருசத்தையும் நீங்களே வச்சுக்கிட்டீக.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணெய் போடத் தொடங்கினார். நான் போகலாமா நிற்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் என்னிடம் பேசவில்லை. கையெழுத்துப் போட வந்தால் போட்டுவிட்டுப் போவார். எங்கள் தெருவுக்கு மட்டும் தண்ணீர் குறையும் என்று ஒரு மாதம் எதிர்பார்த்தேன். வழக்கம்போல வந்தது.

தலைவருக்குக் கோபம் அடங்கவில்லை. பட்டியலில் யார் யார் என்று கேட்டார். முதல் பெயர் ஒரு பெண். கணவன் லாரியில் லோடு ஏற்றும்போது மூட்டை சரிந்து செத்துப்போனவர். ஆதரவற்ற விதவை என்று தாசில்தார் கொடுத்த சான்றிதழ் இருந்தது. எட்டாவது வரை படித்திருந்தாள். முன்னுரிமை அவளுக்குத்தான். மற்ற நால்வரும் ஆண்கள், பள்ளிக்கூடம் விட்டதும் பதிந்து நாலைந்து வருஷம் ஆனவர்கள்.

“பொம்பள எப்படி வால்வு தெறக்கும்? மத்த நாலு பேருக்கும் வால்வுன்னா என்னன்னே தெரியாது. எல்லாரையும் தள்ளிவிட்ருங்க. வேற பட்டியல் கேப்போம். அதுக்குள்ள இவன் பேர உள்ள கொண்டாந்துரலாம்” என்றார்.

அப்படி ஒரு வழி இருந்தது. நேர்காணலில் வந்தவர்களில் தகுதியானவர் எவரும் இல்லை என்று குறிப்பு எழுதிக் கோப்பைத் திருப்பலாம். திரும்பப் பட்டியல் வர ஆறு மாதமாகும். அதற்குள் வயது தளர்வு, சிறப்பு அனுமதி என்று எதையாவது முயன்று பார்க்கலாம். மேலாளர் தயங்கினார். ஆணையாளர், தலைவர் சொன்னால் சரி என்றார். குறிப்பை எழுத வேண்டியது நான்.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை தப்புச் செய்தவளுக்கு அதைச் சரிசெய்ய ஒரு கதவு திறந்திருந்தது. திறந்த இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அலுவலகத்துக்கு வந்தாள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். வீரசோழன் போகும் வழியில் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். இரண்டு பெண் பிள்ளைகள். சான்றிதழ்களைப் பழைய புடவைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். “எல்லாம் சரியா இருக்காக்கா? எதாச்சும் கொறஞ்சா இப்பவே சொல்லிருங்க. போயி வாங்கியாந்துருவேன்” என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அவள் போன பிறகு, தகுதியானவர் எவரும் இல்லை என்கிற குறிப்பைத் தட்டச்சு செய்து கோப்புக்குள் வைத்தேன். தேதி மட்டும் போடவில்லை.

நேர்காணல் அன்று காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். அலுவலக வாசலில் கூட்டம். வேலை ஒன்றுதான் என்றாலும் வேடிக்கை பார்க்க எல்லோரும் வந்திருந்தார்கள். சான்றிதழ்களைப் பார்த்து முடித்ததும் தலைவர், உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது, வால்வைத் திறந்து காட்டட்டும் என்றார். எல்லோரும் சந்தைப்பேட்டைத் தெருமுனைக்குப் போனோம். ஆணையாளர், தலைவர், என்ஜினியர், மேலாளர், கோப்போடு நான். அந்த வால்வைத் தலைவர்தான் தேர்ந்தெடுத்தார். ஊரிலேயே இறுகிப்போன வால்வு அது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மூடியைத் தூக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்க, தினமும் வால்வு திறக்கிற அவரையே வரச்சொல்லியிருந்தார்கள்.

முதலில் அந்தப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாவியை உள்ளே விட்டு வால்வின் தலையில் பொருத்துவதற்கே நேரமானது. திருகினாள். அசையவில்லை. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி சாய்ந்தாள், காலை அகட்டி வைத்து மூன்றாவது தடவையும். தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். கோப்புக்குள் அந்தத் தாள் இருந்தது.

அப்போதுதான் குழியருகே நின்ற அவர் பேசினார்.

“விடு ஆத்தா. விட்ரு.” அவள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னார். “அண்ணாச்சி, இந்த வால்வ நானே ஒத்த ஆளாத் தெறக்கிறதில்ல. பம்பு டிரைவரக் கூட்டியாந்து ரெண்டு பேரு பிடிச்சுத்தான் தெறக்கிறோம். இதுமேல இப்படிப் பலம் போட்டா வால்வோட கழுத்து முறிஞ்சிரும். அப்புறம் நாலு நாளைக்கு நாந்தான் குழிக்குள்ள கெடக்கணும். வேற வால்வுல பாருங்க.”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த முனைக்கு நடந்தார், மூடியைத் தூக்கினார், சாவியை அவளிடம் கொடுத்தார். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் முதலில் தப்பான பக்கம் திருகினாள், பிறகு சரியான பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பக்கத்து வீட்டுக் குழாயில் காற்று சீறிக்கொண்டு வந்து பிறகு தண்ணீர் வந்தது. அன்று அந்தத் தெருவின் முறை இல்லை. இருந்தாலும் பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

பெரிய மனசோடு செய்தார் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால்வு உடைந்துவிடுமே என்கிற எரிச்சல்தான் அவர் முகத்தில் இருந்தது. ஒரு விஷயத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவரால் மற்றவர்கள் அதைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் சும்மா நின்றிருந்தால் போதும், வேலை அவர் பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவருக்கும் தெரியும். அலுவலகத்துக்கு வந்ததும் கோப்பிலிருந்த தாளை எடுத்துக் கிழித்தேன். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு நியமன உத்தரவு அடித்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். கெட்டவர் இல்லை அவர். தான் வாக்குக் கொடுத்தது நடக்கவில்லை என்பதுதான் அவருக்கு வலி.

ஊர் அவளைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீர் குறைந்தால் பொம்பள திறந்தால் இப்படித்தான் என்று மனு எழுதினார்கள். அந்த மனுக்களும் என் மேசைக்குத்தான் வந்தன. ஒருநாள் ஒரு கடைக்காரர் சாவியைப் பிடுங்கித் தூரப் போட்டுவிட்டார். அவள் எடுத்துக்கொண்டு வந்து அடுத்த தெருவைத் திறந்தாள். ஒரு வருஷத்தில் எல்லா வால்வும் அவளுக்குப் பழகிவிட்டது. அவர் பழையபடியே தினக்கூலி. மேற்குப் பக்கத் தெருக்கள் அவருக்கு, கிழக்குப் பக்கம் அவளுக்கு. சந்தைப்பேட்டை வால்வை மட்டும் இருவரும் சேர்ந்து திறந்தார்கள். அவள் அண்ணே என்று கூப்பிடுவாள், அவர் பதில் சொல்வார். நான் இருவருக்கும் தாள் எழுதினேன். அவளுக்கு ஆண்டு ஊதிய உயர்வு, அவருக்கு எண்பத்தொன்பது நாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தலைவர் மண்டிக்குத் திரும்பினார். ஐந்து வருஷம் மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்தான் எல்லாம். தலைவர் அறைக்குள் ஒருவர் வருவார், பழகுவார், மாற்றலாகிப் போவார். மேலாளரும் ஓய்வுபெற்றார். விடைபெறும் அன்று, அவன் கோப்பை மறந்துவிடாதே என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அந்தக் காலத்தின் கடைசியில்தான், நெடுநாள் தினக்கூலியாக இருப்பவர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பத்து வருஷத் தொடர் பணி இருக்க வேண்டும். அவருக்கு அப்போது பதினேழு வருஷம். ஆனால் எண்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை நான் அடித்த உத்தரவுகள் எல்லாம் ஒழுங்காக வரிசையாகக் கோர்த்து வைக்கப்பட்டிருந்தன. தொடர் பணி எங்கே என்று மதுரையில் கேட்டார்கள். இடைவெளி தாளில் மட்டும்தான், வேலை நிற்கவில்லை என்று எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள்.

ஆதாரம் தேடி இரண்டு மாதம் பதிவறையில் உட்கார்ந்தேன். பம்பு ரூம் குறிப்பேடுகள் கரையான் அரித்துக் கிடந்தன. அவற்றில் ஒவ்வொரு நாளும் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இல்லாத நாட்கள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் அந்தத் தேதியைத் தேடினேன். பெரும்பாலானவற்றில் அவர் கையெழுத்து இருந்தது. நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, மதுரைக்கு நானே கொண்டுபோனேன். முதல் தடவை அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பு. இரண்டாவது தடவை அதிகாரி ஆய்வுக்குப் போயிருந்தார். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கோப்பு சென்னைக்குப் போனது. அங்கிருந்து வந்த கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதினேன். அதற்குள் புது மன்றம் வந்து, புதுத் தீர்மானம் கேட்டு, அதையும் போட்டு அனுப்பினோம்.

என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. முன்பு ஒரு தடவை சொல்லாமல் இருந்தது தப்பு. இந்தத் தடவை சொன்னால், நடக்காமல் போனால் என்ன செய்வது என்று பயம். ஆனால் அந்தப் பெண் பதிவறையில் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் அவர் என் மேசைக்கு வந்து ஒரு பழைய நோட்டை வைத்தார். கரையான் அரித்துப்போன வருஷங்களுக்கு அவர் வீட்டில் தனியாக எழுதி வைத்திருந்த நோட்டு. “இது உபயோகப்படுமான்னு பாருங்க” என்றார். ஏழெட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. கையால் எழுதிய நோட்டு ஆதாரமாகச் செல்லாது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

உத்தரவு வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயது. உத்தரவு வந்த தேதியிலிருந்துதான் பணி என்று எழுதியிருந்தார்கள். முந்தைய வருஷங்கள் எதற்கும் சேராது. அவரை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

“அப்ப இன்னைக்குத்தான் சேந்துருக்கேன்.”

“தாளுல அப்படித்தாண்ணே.”

“சரி. கையெழுத்து எங்க போடணும்?”

காட்டினேன். போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, வீட்டில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அது போதுமா போதாதா என்று யோசிக்கும் தெம்பும் அன்று இல்லை. அவர் போனதும் பணிப்பதிவேட்டில் முதல் பக்கத்தைத் திறந்து, பெயர், தகப்பனார் பெயர், அடையாள மச்சம் என்று வரிசையாக நிரப்பினேன். இடது முழங்கையில் ஒரு தழும்பு என்று அவர் காட்டியதை எழுதினேன். முற்பகல் பணியில் சேர்ந்தார் என்று குறித்து, கையெழுத்துக்காக ஆணையாளர் அறைக்கு அனுப்பினேன்.

மேசையில் அன்றைய தபால் பிரிக்காமல் கிடந்தது. மேலே இருந்தது வேலை கேட்டு வந்த மனு. பன்னிரண்டாவது முடித்தவர், எந்த வேலையானாலும் சம்மதம் என்று எழுதியிருந்தார். அதற்கான பதிலை அடிக்கக் கொடுத்தேன். அதற்கு அடுத்தது மேற்குத் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்கிற புகார். அதைப் பதிவு செய்து, வெளியே வெயிலில் நின்றிருந்த அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கடைநிலை ஊழியரிடம் அனுப்பிவைத்தேன்.